பாதிமலை என்று ஒரு பெயர்

ஸ்டோர் கீப்பர் ஜெயவேலு காலமான செய்தி எனக்குப் பால் டிப்போ வரிசையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கு மாம்பலத்தில், கையில் காலி பாட்டிலும் கார்டுமாக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் வரைபடங்களைப் படியெடுக்கிற ட்ரேசர் பாஷா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், நம்ம ஸ்டோர் போய்ட்டாரு. மந்தவெளியில, வூட்லயே. காபி குடிச்சிக்கினு இருந்தாராம். டம்ளரைக் கீழ வெச்சாராம், அவ்ளோதான்" என்றார்.

முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, பயம். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் எட்டு வருஷமாக இருந்தது. எங்கே வெளியே சொல்லிவிடுவாரோ என்று எட்டு வருஷமும் பயந்துகொண்டிருந்தேன். இனி யாரும் சொல்லமாட்டார்கள் என்று அந்த வரிசையில் நின்றபோது ஒரு நிமிடம் மனசு லேசாகிவிட்டது. அப்படி லேசானதை நினைத்துத்தான் பயம். பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். காலி பாட்டிலை மனைவியிடம் கொடுத்துவிட்டு மந்தவெளிக்குப் புறப்பட்டேன்.

இந்த ஆண்டு மலரைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் ஜெயவேலுவை அறிந்தவர்கள். தியாகராய நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால், நம் வரைபட அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ட்ரேசிங் துணி, இந்தியன் இங்க், நிப், பென்சில் எல்லாம் அவர் கையில். "எழுதிக் குடு, எடுத்துக் குடுக்கறேன்" என்பது அவருடைய ஒரே சட்டம். அதிகாரியே இறங்கி வந்து ஒரு ரப்பர் கேட்டபோதும் சீட்டை நீட்டியவர். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களில் பலருக்கு ஜெயவேலு என்ற பெயர் அவர் செத்த பிறகுதான் தெரிந்தது. கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில்கூட ஒரு புது கிளார்க் என்னிடம், "ஜெயவேலுன்னா, நம்ம பாதிமலையா சார்?" என்று கேட்டான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் பர்வதமலை ஷீட்டை நான் வரைந்து முடித்தேன். மலையை நாம் எப்படி வரைகிறோம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து ஒரு கோடு போடுவோம். அதற்கு மேலே இன்னொரு கோடு. சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கோடுகள் நெருங்கிக்கொண்டே போகும். புதிதாக வந்திருந்த அதிகாரி ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இத்தனை மலை போடறீங்களே, இதில் ஒண்ணையாவது ஏறிப் பார்த்ததுண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்து மேஜை சேஷாத்ரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரே நாள்ல ஏறி இறங்கிண்டு வந்துடறோம் சார், என்ன பெரிய விஷயம்" என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அப்போது தலைமை ட்ராஃப்ட்ஸ்மேன் இடம் காலியாக இருந்தது. அதற்கு வருகிறவன் நிலம் அளக்கப் போகிற சர்வே பார்ட்டிகளோடு மலைக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். "சங்கரலிங்கம், நீங்களும்தானே?" என்றார்.

"போகாம இருப்பேனா சார்" என்றேன்.

எனக்கு உயரம் ஆகாது. மாடிக் கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி தள்ளி நின்றாலே உள்ளங்கால் கூசும். கீழே இருக்கிற தரை வா வா என்று இழுக்கிற மாதிரி இருக்கும். கோடுகள் நெருங்குகிற இடத்தில் பேனா பிடிக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்குக் கால் கூசியதுண்டு. என் மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். உடல் தகுதி இல்லை என்று எழுதிவிடுவார்கள். அதனால் மலையைப் பற்றி யார் பேசினாலும் எல்லாரையும்விட உற்சாகமாகத் தலையாட்டினேன்.

சேஷாத்ரி, பாஷா, நான். நான்காவதாகத் தானே வந்து சேர்ந்தவர் ஜெயவேலு. ட்ராயிங் செக்ஷனோடு அவருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டோம். "எங்க நைனா பல்லாவரத்துல கல்லு ஒடச்ச ஆளு சார். சின்ன வயசுல பாறை மேலதான் வெளையாடுவோம். மெட்ராசுக்குள்ள வந்ததிலேர்ந்து கால்ல தார் ரோடுதான். என்னையும் சேத்துக்கோங்க" என்றார். சேர்த்துக்கொண்ட மறுநாளே பொறுப்பு முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது.

சிவப்பு மூலை வைத்த நீள நோட்டு ஒன்றைச் சொந்தமாக வாங்கி வந்தார். ஸ்டோர் ரிஜிஸ்டர் மாதிரியே கட்டம் போட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். முதல் கட்டத்தில் பயம், அடுத்ததில் சாமான், அதற்கடுத்து வழங்கியது, கடைசியில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. "மலைல இன்னா இன்னாத்துக்கு பயப்படறீங்களோ எல்லாத்தையும் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நான் ஒரு சாமான் தரேன். ஆபீஸ் ஸ்டோர்லேர்ந்து ஒரு குண்டூசி வராது, எல்லாம் வெளியில பாத்துக்கலாம்" என்றார்.

சேஷாத்ரி வெட்கப்படாமல் ஒன்பது எழுதினான். வழி தப்பிவிடுமோ, கண்ட இடத்தில் சாப்பிட நேருமோ, வயிறு கெடுமோ என்று போயிற்று பட்டியல். பாஷா பாம்பையும் கரடியையும் எழுதினார். பர்வதமலையில் கரடி உண்டா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதற்கு எதிரே ஜெயவேலு, தகர டப்பா, தட்டுவதற்குக் குச்சி என்று பொறுமையாக எழுதினார். என் முறை வந்தது. பாம்பு, தாகம், கால்வலி என்று மூன்று எழுதிவிட்டு நோட்டை நகர்த்தினேன்.

"இவ்ளோதானா சார்?"

"இவ்வளவுதான்."

அவர் நோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பழகுவதற்கு ஞாயிறுதோறும் பரங்கிமலைக்குப் போகலாம் என்றான் சேஷாத்ரி. அதன் உச்சியில் நின்றால் மீனம்பாக்கம் வரை தெரியும் என்றும் சொன்னான். அவ்வளவு தூரம் போய்வந்தால் பாதி நாள் போய்விடும், தினமும் பழகினால்தான் கால் கேட்கும் என்று சப்பைக்கட்டு கட்டினேன். பிறகு நானே ஒரு வழியும் சொன்னேன். அந்த வருஷம் மழை பொய்த்து மயிலாப்பூர் தெப்பக்குளம் அடிவரை வற்றிக் கிடந்தது. அதன் படிகளில் ஏறி இறங்கினால் என்ன என்று கேட்டேன். சேஷாத்ரி நூலில் கல்லைக் கட்டி அளந்தான். மேல்படியிலிருந்து தரை வரை பதினைந்து அடி. மலை சுமார் நாலாயிரம் அடி. இருநூற்றெழுபது தடவை ஏறினால் மலை ஏறியதற்குச் சமம் என்று தாளில் கணக்குப் போட்டான். மாலைக்கு முப்பது தடவை, ஒன்பது மாலை. வரைபடக்காரர்கள் அல்லவா, கணக்கு சரியாக வந்ததும் நாங்கள் எல்லாரும் திருப்தி அடைந்துவிட்டோம்.

அலுவலகம் விட்டதும் பஸ் பிடித்து லஸ்ஸில் இறங்கி, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவோம். நான்கு ஆண்கள் பேசாமல் ஏறுவதையும் இறங்குவதையும் மூன்று நாள் பார்த்துவிட்டு, மேலே பூ விற்கிற அம்மா கேட்டேவிட்டாள்.

"இன்னா நைனா வேண்டுதலு? சாய்பும் கூடவே சுத்திக்கினு கீறாரு?"

"பயம் போறதுக்கும்மா" என்றார் ஜெயவேலு மூச்சு வாங்கிக்கொண்டே.

"யாருக்கு பயம்?"

"கேட்டா யாரும் இல்லன்றாங்க."

பாஷா சிரித்தார். நான் ஒரு படியைத் தவறவிட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் இருநூற்றெழுபதாவது தடவை மேலே வந்ததும் சேஷாத்ரி கைகளை விரித்து, மலை ஏறியாயிற்று என்று அறிவித்தான். ஜெயவேலு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா கணக்கு சார் இது? பதினஞ்சு அடியையே இருநூத்தி எழுவது தபா ஏறிக்கீறோம். நாலாயிரம் அடில ஒரு தபாகூட நிக்கலியே" என்றார். சேஷாத்ரியும் பாஷாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் குளத்தை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை அவர் அப்படியே எடுத்து வெளியே வைத்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்தது சுமை தூக்கிப் பழகுவது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தோள்பையில் ஆளுக்கு நான்கு செங்கல் வைத்துக்கொண்டு, மந்தவெளியிலிருந்து அடையாறு வழியாக எல்லியட்ஸ் கடற்கரைக்கு நடப்போம். பெசன்ட் நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வழியில் பழைய அடையாறு பாலம். மற்ற மூவரும் ஓரமாக, தண்ணீரைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போவார்கள். நான் சாலையின் நடுவில் போவேன். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தும் ஒதுங்க மனம் வரவில்லை. கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழேதான் இருந்தது.

ஜெயவேலு திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், பஸ்ஸு மேல அவ்ளோ ஆசையா?" என்றபடி வந்து என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். இழுத்தவர் எனக்கும் சுவருக்கும் நடுவில் தான் நடந்தார். திரும்பி வரும்போது அந்தச் சுவர் எங்களுக்கு மறுகைப் பக்கம் வந்தது. சுற்றி வந்து மறுபடியும் அந்தப் பக்கமே நின்றுகொண்டார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படியே நடந்தார்.

கடைசி ஞாயிறன்று கடற்கரையில் மற்ற இருவரும் கால் நனைக்கப் போயிருந்தார்கள். ஜெயவேலு மணலில் உட்கார்ந்து செங்கற்களை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், உன் பக்கத்துல இன்னும் ஏதாச்சும் எழுதணுமா?"

"எதை?"

"எதையோ. எழுதாத சாமானை நான் எப்பிடி சார் எடுத்துக் குடுக்கறது?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. தலைமை ட்ராஃப்ட்ஸ்மேன் நாற்காலி கண்ணில் தெரிந்தது. மென்று விழுங்கினேன். "ஒண்ணும் இல்ல ஜெயவேலு" என்றேன். "சரி வுடு" என்று செங்கற்களை மறுபடியும் பையில் போட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக் கூடத்தில் சாமான்கள் வழங்கப்பட்டன. ஆளுக்கு ஒரு விசில், தொலைந்தால் மூன்று முறை ஊத வேண்டும். அலுமினியத் தண்ணீர் டப்பா, டார்ச், தடி, வெல்லம், பொட்டுக்கடலை, எலுமிச்சம்பழம், உப்பு, கட்டுத்துணி, டிங்சர், தைலம், சேஷாத்ரிக்குத் தனியாக வாழையிலையில் கட்டிய புளியோதரை, பாஷாவுக்குக் கரடி விரட்டும் தகர டப்பா. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கினார். அவர் மனைவி சரோஜா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "மலைக்குப் போறீங்களா, வூடு மாத்தறீங்களா?" என்று கேட்டார். என் பையில் எல்லாம் இருந்தது. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை.

போளூரில் ஒரு சத்திரத்தில் தங்கி, வெளிச்சம் வந்ததும் தென்மாதிமங்கலத்திலிருந்து ஏற ஆரம்பித்தோம். முதல் மூன்று மணி நேரம் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்திருந்ததால் எவ்வளவு உயரம் வந்தோம் என்று தெரியவில்லை. குளத்துப் படிகள் காலுக்கு நல்ல பலம் கொடுத்திருந்தன. நான்தான் முன்னால் போனேன். விசிலைக்கூட ஊதி விளையாடினேன். பாஷா என்னைப் பார்த்து, "சார் போன ஜென்மத்துல ஆடா பொறந்திருப்பாரு" என்றார்.

மரங்கள் தீர்ந்துபோன இடத்தில் வெறும் பாறை ஆரம்பித்தது. அதில் இரும்புக் கம்பிகளை அறைந்து சங்கிலி கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. கீழே வயல்கள் என் மேஜையில் இருக்கும் ஷீட் மாதிரியே சின்னச் சின்னக் கட்டங்களாகக் கிடந்தன. சேஷாத்ரியும் பாஷாவும் என்னைத் தாண்டிக் கம்பியைப் பிடித்து ஏறினார்கள். நானும் ஒரு கம்பியைப் பிடித்தேன். வெயிலில் அது சுட்டது. விடவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. உள்ளங்காலில் தொடங்கிய கூச்சம் வயிறு வரை வந்தது. மேலே இருந்து சேஷாத்ரி, "என்ன சங்கரலிங்கம், வரயா இல்லையா?" என்று கத்தினான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் அவர்கள் இறங்கி வந்து என்னைப் பார்த்திருப்பார்கள். திங்கட்கிழமை அலுவலகம் முழுவதும் தெரிந்திருக்கும்.

அப்போது எனக்குப் பின்னால் ஜெயவேலுவின் குரல் கேட்டது. உரக்கச் சொன்னார்.

"சேசாத்ரி சார், என்னால முடியாது. தலை சுத்துது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

"இவ்ளோ தூரம் வந்துட்டு என்ன ஜெயவேலு?"

"முடியல சார். சங்கரலிங்கம் சார் என்கூட இருக்கட்டும். தனியா இருக்க பயமா கீது."

அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே மேலே போனார்கள். ஜெயவேலு என் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தார். தோளைப் பிடித்துத் திருப்பி ஒரு பாறைக்குழிவில் உட்கார வைத்தார். "இந்தப் பக்கமா பாரு சார். பாறையைப் பாரு, போதும்" என்றார். கையில் வெல்லத்தை வைத்தார். நான் சிறுபிள்ளை மாதிரி பாறையைப் பார்த்துக்கொண்டு வெல்லம் தின்றேன்.

தண்ணீர் டப்பாவின் மூடி என் கையிலிருந்து நழுவி உருண்டு சரிவின் விளிம்பில் போய் நின்றது. ஜெயவேலு எழுந்து, தெருக்குழாய்க்குப் போகிறவர் மாதிரி நடந்து, அந்த விளிம்பில் குனிந்து மூடியை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். தலை சுற்றுகிற மனிதர் செய்கிற காரியம் இல்லை அது. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும். பிறகு இரண்டு மணி நேரம் அவர் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உச்சிக்கு வருவதற்காகத்தான் அவர் மூன்று மாதம் அலைந்தார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மற்றவர்கள் இறங்கி வந்துவிடுவார்களே, அதற்குள் என் முகம் சரியாக வேண்டுமே என்றுதான் என் பயம் இருந்தது.

இறங்கும்போது அவர் எனக்கு முன்னால் நடந்தார். "கீழ பாக்காத சார். என் முதுகையே பாத்துக்கினு வா" என்றார். வேர்வையில் நனைந்த அந்த நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் அதிகாரியே எங்கள் மேஜைக்கு வந்தார். "சங்கரலிங்கம், உச்சி எப்படி இருந்தது?" என்று கேட்டார். ஜெயவேலு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன். "நம்ம ஸ்டோருக்கு மயக்கம் வந்துடுச்சு சார். துணைக்கு நான் நின்னுட்டேன். இவருக்குப் பாதிமலையோட சரி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயவேலு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா சார், என்னாலதான் சாருக்கு உச்சி போச்சு" என்றார். அன்று மாலையே யாரோ கம்பி ஜன்னலில் போய், "பாதிமலை, ரெண்டு நிப் குடு" என்று கேட்டதைக் காதால் கேட்டேன். அந்தப் பெயரை வைத்தவன் வேறு யாரும் இல்லை, நான்தான்.

எனக்குத் தலைமை ட்ராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. மலைக்குப் போக வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லி வேறு யாரையாவது அனுப்பினேன். இரண்டு வருஷம் கழித்து, மலைப்பகுதி முகாம்களோடு போகிற ஸ்டோர் கீப்பர் இடத்துக்கு ஜெயவேலு எழுதிக்கொடுத்தார். சீட்டை வாங்கிப் பழகியவர் தனக்கென்று எழுதிக்கொடுத்த ஒரே சீட்டு அதுதான் என்று நினைக்கிறேன். அதிகாரி அதைப் படித்தபோது நானும் அறையில் இருந்தேன். "பாதி மலையிலேயே உட்கார்ந்துட்ட ஆளை முகாமுக்கு எப்படி அனுப்பறது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானும் சிரித்தேன்.

கீழே போனேன். அவர் நிப் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அந்த வேலை எனக்கு புட்ச்சிருந்துச்சு சார்" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அனுப்பிய ஒவ்வொரு சீட்டிலும் ஏதோ ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அவ்வளவுதான். பிறகு பழையபடி ஆகிவிட்டார். நான் ஆகவில்லை. கேன்டீனில் அவர் தொண்டையைக் கனைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாஷாவிடமும் சொல்லவில்லை, சரோஜாவிடமும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மந்தவெளிக்குப் போயிருந்தேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சரோஜா அந்தச் சிவப்பு மூலை நோட்டைக் கொண்டுவந்தார். "சார், இது ஆபீஸ் நோட்டான்னு பாருங்க. ஆபீஸ்துன்னா ஒரு பேப்பர்கூட வூட்ல இருக்கக் கூடாதும்பாரு" என்றார். அது அவருடைய சொந்த நோட்டு என்று சொன்னேன். "அப்ப நீங்களே வெச்சுக்கோங்க. உங்க பேருதான் உள்ள கீது" என்று என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். என் பக்கத்தில் என் கையெழுத்தில் பாம்பு, தாகம், கால்வலி. அவற்றுக்கு எதிரே தடி, தண்ணீர் டப்பா, தைலம். பெற்றுக்கொண்டேன் என்று மூன்று கையெழுத்து. அதற்குக் கீழே நான்காவதாக ஒரு வரி. சாமான் வழங்கிய அன்றைய தேதி, புறப்படுவதற்கு முந்தின நாள். பென்சிலில், அவருடைய உருண்டை எழுத்தில் இருந்தது.

பயம்: ஒசரம். சாமான்: ஸ்டாக்கில் இல்லை. வழங்கியது: ஜெயவேலு.

கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. எழுதிக்கொடுக்காமல் ஒரு குண்டூசி தராத மனிதர், நான் எழுதாத சீட்டுக்குத் தன்னையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த நோட்டை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் அழுதேன். பிறகு அந்தக் கட்டத்தில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டு வருஷம் தாமதம்.

இது அச்சில் வந்தால் மேலிடத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பயத்தை இந்த முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெயவேலுவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நோட்டையும், முன்னால் நடந்துபோகிற ஒரு நீலச் சட்டையையும். இன்னொன்றும் என்னிடம் வர வேண்டியிருக்கிறது. அவரைப் பற்றிப் பேசும்போது இனி தயவுசெய்து ஜெயவேலு என்று சொல்லுங்கள். பாதிமலை என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியவன் நான்.